வெள்ளிமலை (கல்வராயன் மலை)

வெள்ளிமலை, தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் மேல் காடு சூழ அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். கல்வராயன் மலை ஊராட்சி ஒன்றியத்துக்கும், 2019 ஆம் ஆண்டில் புதிய மாவட்டத்துடன் உருவாக்கப்பட்ட கல்வராயன் மலை வட்டத்துக்கும் இவ்வூரே தலைமையிடம். இங்கும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர் ஆவர். இந்தியா விடுதலை பெற்று ஏறத்தாழ 29 ஆண்டுகள் சென்ற பின்னர், 1976 ஜூன் 25 அன்றுதான் இம்மலைப்பகுதி ஜாகீர்தார்களின் கையிலிருந்து அரசின் நேரடி நிருவாகத்துக்கு வந்தது. ஊரைச் சூழ்ந்த காடு யாருக்கு உரியது, அதில் ஊராருக்கு என்ன உரிமை உண்டு என்ற கேள்வி அதற்கு முன்பும் பின்பும் இவ்வூரின் வரலாற்றைத் தீர்மானித்து வந்துள்ளது.

பெயர்

வெள்ளிமலை என்ற சொல் தமிழில் கயிலை மலையையும் குறிக்கும். இதே பெயரில் தமிழ்நாட்டில் வேறு இடங்களும் உள்ளன. கன்னியாகுமரி மாவட்டத்து வெள்ளிமலை, தேனி மாவட்டத்தின் வருசநாட்டுப் பகுதியில் உள்ள வெள்ளிமலை ஆகியவற்றை இவ்வூருடன் குழப்பிக்கொள்ளல் ஆகாது. கல்வராயன் மலை ஆங்கிலேயர் கால ஆவணங்களில் கல்ராயன் என்று எழுதப்பட்டுள்ளது. இவ்வடிவம் இன்றும் வழக்கில் உள்ளது.

அமைவிடமும் நிலத்தோற்றமும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. ஜவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவை இதன் அண்டை மலைகள். மேற்கே தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலை உள்ளது. தெற்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு இதனைப் பச்சைமலையிலிருந்து பிரிக்கின்றது. மலையின் வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும், தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் வழங்கும். முன்னது சராசரியாக 2,700 அடி உயரமும், பின்னது 4,000 அடி அளவு உயரமும் உடையன. மலையின் அடிப்படைப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட்டு வகையைச் சேர்ந்தது.

சமவெளியில் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டித் தியாகதுருகம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்கள் உள்ளன. தியாகதுருகத்தில் தனித்து நிற்கும் பாறைக்குன்றும் அதன் மேலுள்ள கோட்டையும் சமவெளியின் அடையாளங்கள். அங்கிருந்து மேற்கே செல்லச் செல்லக் கல்வராயன் மலை உயர்ந்து எழுகின்றது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைக் கடந்து, வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் ஏறி வெள்ளிமலையை அடையலாம். மலையேறிய பின் நிலம் ஓரளவு சமதளமாக விரிகின்றது. கிண்ணம் போன்ற பள்ளங்களில் நெல்வயல்களும், சரிவுகளில் மேட்டுநிலப் பயிர்களும், அவற்றுக்கு மேல் காடும் காணப்படுகின்றன.

காடு

அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் வரை முட்புதர்க் காடு உள்ளது. இங்கு வேல மர வகைகளும் உசிலையும் மிகுதி. 400 முதல் 800 மீட்டர் வரை இலையுதிர் காடு. வேங்கை, கருமருது, கடுக்காய், தான்றி, நெல்லி, சந்தனம், மூங்கில் முதலியவை இதில் வளர்கின்றன. கோடையில் இக்காடு முழுவதும் காய்ந்து பழுப்பு நிறமாகி விடுவதால், முதன்முறை காண்பவர் இது அழிந்துபோன காடு என்று எண்ணக்கூடும். முதல் மழைக்குப் பின் சில நாட்களிலேயே மீண்டும் தளிர்த்துவிடும்.

உயர்ந்த மேட்டுநிலங்களில் சிறு திட்டுகளாகச் சோலைக்காடுகள் எஞ்சியுள்ளன. இவை ஆண்டு முழுவதும் பசுமை மாறாதவை. பரப்பில் சிறியனவாயினும் மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுவதில் இவற்றின் பங்கு பெரியது. சோலைத் திட்டு ஒன்றை வெட்டிவிட்டு அதே இடத்தில் வேறு மரங்களை நட்டால் அது மீண்டும் சோலையாகிவிடுவதில்லை. அதன் நிழலையும் ஈரத்தையும் நம்பி வாழும் சிறு செடிகளும் பாசிகளும் காளான்களும் திறந்த வெளியில் முளைப்பதில்லை.

கரடி, காட்டுப்பன்றி, குரங்கு, மயில் முதலியன இக்காட்டில் உள்ளன. காட்டுப்பன்றி பயிர்களுக்குச் சேதம் விளைவிப்பதால், விளைச்சல் காலத்தில் உழவர்கள் இரவுக் காவல் இருப்பது வழக்கம்.

மலையாளி மக்கள்

மலையாளி என்ற பெயர் கேரளத்து மக்களைக் குறிக்கும் சொல்லுடன் ஒலியில் ஒன்றாக இருப்பதால் குழப்பம் ஏற்படுவது உண்டு. இங்கு இச்சொல்லுக்கு மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். இவர்கள் பேசும் மொழி தமிழ். தம் பெயருக்குப் பின் கவுண்டர் என்ற பட்டத்தை இட்டுக்கொள்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் மிகப் பெரிய குழு இவர்களே. மாநிலம் முழுவதும் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளனர்.

தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது மலையாளிகளிடையே வழங்கும் மரபுக்கதை. உடன்பிறந்த மூவர் தனித்தனியே பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்று கதை கூறும். யார் எந்த மலைக்குச் சென்றார் என்பதில் மலைக்கு மலை வேறுபாடு உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூல்தொகுதியில் இக்கதை பதிவாகியுள்ளது. கல்வராயன் மலையில் கரிராமன் முதன்மைத் தெய்வமாக வழிபடப்படுகின்றார்.

பட்டியல் பழங்குடியினர் வரிசையில் மலையாளிகள் மாநிலம் முழுமைக்கும் சேர்க்கப்படவில்லை. பழைய தென்னார்க்காடு, வடார்க்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்கள் மட்டுமே குறிப்பிடப்பட்டுள்ளன. இதனால், ஒரே மக்களாயினும் ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழ்வோர் பழங்குடியினராகக் கொள்ளப்படாத நிலை ஏற்பட்டது. மாவட்ட எல்லை ஒருவரின் இனத்தைத் தீர்மானிப்பது விந்தையே.

வேளாண்மை

மலையாளிகள் தம் நிலத்தை ஏர் ஓட்டக்கூடிய உழவுக்காடு என்றும், சரிவு மிகுதியால் மண்வெட்டியால் கொத்தி மட்டுமே பயிரிடக்கூடிய கொத்துக்காடு என்றும் பிரித்தனர். கொத்துக்காட்டில் சில ஆண்டுகள் சாமை, தினை, கேழ்வரகு விதைத்துவிட்டு, பின்பு நிலத்தைத் தரிசாக விடுவது பழைய முறை. தரிசாக விட்ட காலத்தில் புதரும் மரமும் வளர்ந்து மண் மீண்டும் வளம் பெறும். காட்டுக்கும் வயலுக்கும் இடையே நிலையான கோடு இல்லாத முறை இது. நில அளவையாளருக்கோ வனத்துறைக்கோ இது எளிதில் பிடிபடவில்லை. தரிசாகக் கிடந்த ஆண்டில் அளக்க வந்தவர் அதனைக் காடு என்று குறித்தார். உழவரோ அதைத் தம் பாட்டன் கொத்திய நிலம் என்றார்.

பிற்காலத்தில் மரவள்ளி பரவியது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு மாவுப்பொருள் இறக்குமதி தடைப்பட்டதால், 1943 அளவில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் தோன்றியது. ஆத்தூர், சின்னசேலம் பகுதிகளிலும் ஆலைகள் பெருகின. மலையில் விளையும் கிழங்கு லாரிகளில் இவ்வாலைகளுக்கு இறங்குகின்றது. கையில் பணம் புழங்கத் தொடங்கியது உண்மையே. ஆனால் சாமையைப் போல வீட்டில் சேர்த்துவைத்து உண்ண இயலாத இப்பயிரின் விலை ஆலைக்காரர் கையில் உள்ளது. சரிவில் கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது மண்ணும் தளர்ந்து மழையில் கரைகின்றது.

கடுக்காயும் பிற காட்டு விளைபொருட்களும்

காட்டிலிருந்து ஊரார் திரட்டும் பொருட்களுள் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது கடுக்காய். சித்த மருத்துவத்தில் இதன் பயன் பலரும் அறிந்ததே. எனினும் வணிகத்தில் இதற்குப் பெருந்தேவை இருந்தது மருந்துக்காக அன்று, தோல் பதனிடுவதற்காக. கடுக்காயில் துவர்ப்புப் பொருள் மிகுதி. இது பச்சைத்தோலின் புரதத்துடன் பிணைந்து, தோல் அழுகாதவாறு செய்கின்றது. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலுக்கு இறுதியில் கடுக்காய்க் கரைசல் இடுவது வழக்கம். அவ்வாறு பதனிட்ட தோல் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. பின்னர் குரோமிய உப்பு முறை பரவியதால் கடுக்காயின் தேவை சுருங்கியது.

பனிக்காலத்தில் மரத்தடியில் உதிரும் காய்களைப் பொறுக்கி, உலர்த்தி, மூட்டையாகக் கட்டி விற்பனைக்கு அனுப்புவர். இதற்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டும் காய்க்க வேண்டும் என்பதால் மரத்தைக் காப்பதே சேகரிப்பவருக்கு இலாபம். மலைத்தேன், புளி, நெல்லி, துடைப்பப் புல் முதலியவற்றுக்கும் இது பொருந்தும்.

இப்பொருட்களைத் திரட்டும் உரிமை முன்பு ஏலத்தில் ஒப்பந்தக்காரருக்கு விடப்பட்டது. காட்டில் அலைந்து பொறுக்கியவருக்குக் கூலி மட்டுமே கிடைத்தது. பின்னர் மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இவ்வுரிமையைப் பெற்றன.

ஜாகீர் காலம்

தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்த கல்வராயன் மலைப்பகுதி சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது. சேலம் மாவட்டத்தைச் சார்ந்த பகுதியில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்ற இரு ஜாகீர்கள் இருந்தன. விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தம் முன்னோருக்கு இம்மலையை அளித்தார் என்பது ஜாகீர்தார் குடும்பங்களின் மரபு.

18 ஆம் நூற்றாண்டில் சமவெளி தொடர்ந்து போர்க்களமாக இருந்தது. தியாகதுருகம் கோட்டையை 1760-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, உடன்படிக்கை ஒன்றின் மூலம் ஐதர் அலிக்கு அளித்தார். அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் அதனைப் பிடித்தனர். 1790-இல் திப்பு சுல்தான் அதனைத் தாக்கியபோது கேப்டன் பிளின்ட் காத்து நின்றார். கோட்டை இவ்வாறு கைமாறிக்கொண்டிருந்தபோதும், அதற்கு மேற்கே மலைமீது ஜாகீர்கள் தொடர்ந்தன. கர்நாடகப் பகுதி 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்த பின்னரும் ஜாகீர்தார்களே மலைமக்களிடம் வரி வசூலித்து வந்தனர்.

விடுதலைக்குப் பின் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஜமீன்கள் ஒழிக்கப்பட்டன. ஆனால் கல்வராயன் ஜாகீர்கள் நீடித்தன. இனாம் எஸ்டேட்டுகளை ஒழித்து இரயத்துவாரி முறைக்கு மாற்றும் சட்டம் 1963-இல் இயற்றப்பட்டபோது, ஜாகீர்தார்கள் நீதிமன்றத்தை நாடினர். வழக்குகள் முடிந்து 1976 ஜூன் 25 அன்று ஜாகீர்கள் அரசுடன் இணைக்கப்பட்டன. அந்நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதன் முதலாம் ஆண்டு நிறைவு நாளாகவும் அமைந்தது தற்செயலே. அவ்வாண்டு சனவரி முதல் தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழ் இருந்தது.

காட்டுச் சட்டங்களும் ஊரின் உரிமையும்

ஆங்கிலேயர் ஆட்சியில் முதலில் காடு அளவற்ற மரக்கிடங்காகவே கருதப்பட்டது. ஹீத் என்பவர் 1830-இல் பறங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலை முழுக்க மரக்கரியால் இயங்கியது. பின்னர் தொடர்வண்டிப் பாதைகளுக்கும் எரிபொருளுக்கும் மரம் தேவைப்பட்டது. காடுகள் வேகமாகக் குறைவதைக் கண்ட அரசு 1882-இல் சென்னை வனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இதன்படி ஒரு நிலத்தை ஒதுக்குக்காடாக அறிவிக்கும் முன், அதில் உரிமை கோருவோர் வன ஒதுக்க அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத உரிமை அற்றுப்போகும். எழுத்தறியாத மலைமக்களுக்கு எழுத்தில் வந்த அறிவிக்கை எந்த அளவுக்கு எட்டியிருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

இங்கிலாந்தின் நிலையை இத்துடன் ஒப்பிடுவது பயனுடையது. அங்கு 1217-இல் மூன்றாம் ஹென்றி மன்னர் பெயரில் வெளியான வனப் பட்டயம், மன்னரின் காட்டுக்குள் வாழும் குடிகள் விறகு எடுக்கவும், கால்நடை மேய்க்கவும், பன்றிகளைக் கருவாலிக் கொட்டை தின்ன விடவும் உரிமை உண்டு என்று ஏற்றது. தென் இங்கிலாந்தின் நியூ பாரஸ்ட் பகுதிச் சிற்றூர்களில் இவ்வுரிமைகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. தம் நாட்டில் ஊராரின் காட்டுரிமையை ஏற்றிருந்த அதே ஆட்சியாளர்கள், சென்னை மாகாணத்தில் அதனைப் பெரும்பாலும் அரசு விரும்பும் வரை அளிக்கும் சலுகையாகவே கருதினர்.

ஜாகீர் பகுதியில் வேறு சிக்கல் எழுந்தது. ஜாகீர்தார் காலத்தில் பயிரிட்டவரிடம் அரசுப் பட்டா எதுவும் இல்லை. 1976-க்குப் பின் மலை அரசின் வசம் வந்தபோது, மக்கள் பயிரிட்டு வந்த நிலங்களில் ஒரு பகுதி காட்டு நிலமாகவே பதிவாகியது. பட்டா இல்லாத நிலத்தின் மீது வங்கிக் கடன் பெறுவது கடினம். அரசின் உழவர் உதவித் திட்டங்கள் பலவற்றுக்கும் பட்டா தேவை. நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவரே சட்டத்தின் பார்வையில் ஆக்கிரமிப்பாளராயினர்.

வன உரிமைச் சட்டம்

இந்நிலையைத் திருத்தும் நோக்குடன் நாடாளுமன்றம் 2006-இல் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. இது 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பயிரிட்டு வரும் பழங்குடியினர், தம் கையில் உள்ள நிலத்துக்கு, 4 எக்டேருக்கு மிகாமல், உரிமை கோரலாம். தேன், மூங்கில், கடுக்காய் போன்ற சிறு வன விளைபொருட்களைத் திரட்டவும் விற்கவும் உரிமை உண்டு. மரபாகப் பேணிவந்த காட்டை ஊரார் கூட்டாக நிருவகிக்கவும் இச்சட்டம் இடமளிக்கின்றது. கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. 1882 ஆம் ஆண்டு முறையுடன் ஒப்பிட்டால் இது முக்கியமான மாற்றம்.

தமிழ்நாட்டில் இச்சட்டம் உடனே பயன் தரவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் 2008-இல் பிறப்பித்த இடைக்கால ஆணையால், கோரிக்கைகளை ஆராயலாம், ஆனால் நீதிமன்ற அனுமதியின்றி உரிமைச் சான்று வழங்க இயலாது என்ற நிலை ஏற்பட்டது. உச்சநீதிமன்றம் 2016-இல் அத்தடையை நீக்கிய பின்னரே சான்று வழங்குவது தொடங்கியது.

தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் எவையும் அறிவிக்கப்படவில்லை என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. எனவே, அத்தகைய பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996 ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கல்வராயன் மலைக்குப் பொருந்தாது.

சாலை, பள்ளி, பிழைப்பு

வெள்ளிமலைக்குப் பேருந்து வருகின்றது. அதனைச் சுற்றிக் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் பல சிறு குடியிருப்புகளின் நிலை அவ்வாறன்று. காட்டு நிலத்தில் சாலை அமைக்க 1980 ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் அனுமதி தேவை. இதனால் மண்பாதைகள் பல ஆண்டுக்கணக்கில் மண்பாதைகளாகவே நின்றன. வன உரிமைச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. சாலை, பள்ளி, மருத்துவமனை, குடிநீர்க் குழாய் போன்ற தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான நிலத்தை, எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையுடன் ஒதுக்கலாம். இந்த விதியை அறிந்து பயன்படுத்தும் ஊருக்கும் அறியாத ஊருக்கும் வேறுபாடு பெரிது. மழைக்காலத்தில் நோயாளியை மலையிலிருந்து இறக்குவதற்கு ஆகும் நேரம் இதனைப் பொறுத்தது.

மலையில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி ஒன்றும் இயங்குகின்றது. பெற்றோர் கூலி வேலைக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் செல்லும் பருவங்களில் பிள்ளைகளின் படிப்பு தடைப்படுவது உண்டு. வெளியே சென்ற வேலை சில வேளைகளில் உயிரையும் பறித்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்ட 20 பேர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் ஜவ்வாது, சித்தேரி மலைகளைச் சேர்ந்தவர்கள்.

கல்வராயன் மலையின் பெயர் செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் கள்ளச்சாராயம் தொடர்பாகவே. கீழிருந்து ஏற்றப்படும் வெல்லத்தையும் மரப்பட்டையையும் ஊறவைத்து, ஓடைக்கரைகளில் காய்ச்சுவது நெடுங்காலமாக நடந்து வருகின்றது. காவல்துறை ஊறல்களை அழிப்பதும் அவ்வாறே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதற்குக் காரணமானது மலையில் காய்ச்சிய சாராயம் அன்று, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். எனினும் அந்நிகழ்வை அடுத்து மலைமக்களின் நிலையும் பேசப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அவர்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தானாக முன்வந்து வழக்குப் பதிவு செய்து, சாலை, மருத்துவம், கல்வி முதலியவை பற்றி அரசிடம் விளக்கம் கேட்டது.

நீர்

மலையின் கிழக்குச் சரிவில் தோன்றும் கோமுகி ஆற்றின் குறுக்கே, கச்சிராயபாளையம் அருகே 1960-களில் அணை கட்டப்பட்டது. இதன் நீர்மட்ட உயரம் 46 அடி. மணிமுத்தாறும் இம்மலையிலேயே தோன்றுகின்றது. இவ்விரு ஆறுகளின் நீரும் வெள்ளாற்றில் சேர்ந்து, பறங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலை அடைகின்றது. கள்ளக்குறிச்சிப் பகுதியின் நெல்லும், கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் கரும்பும் இந்நீரால் விளைபவை. மேலே காடு அடர்ந்திருந்தால் மழைநீர் மண்ணுள் இறங்கி, மழை நின்ற பின்னும் ஓடைகளில் வந்துகொண்டிருக்கும். காடு குறைந்த சரிவிலிருந்து அதே மழை சில மணி நேரத்தில் வெள்ளமாக இறங்கி, மண்ணை அணையில் படியச் செய்கின்றது. அணையின் பாசனப் பரப்பு முழுவதும் சமவெளியில் உள்ளது. வெள்ளிமலையின் வயல்கள் மழையையும் ஓடைகளையும் நம்பியே உள்ளன.